இருட்டறைத் தோட்டம்

மதுரையிலிருந்து தேனிக்கு 75 கிலோமீட்டர். சித்திரை மாதத்தில் உசிலம்பட்டி வரைக்கும் ரயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் வண்டி வளைந்து நுழைந்த பிறகுதான் காற்றில் மலையின் ஈரம் கொஞ்சம் கலக்கிறது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டி நின்றபின் இந்தப் பாதையில் பல வருடம் ரயிலே கிடையாது. அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் மறுபடி ரயில் வந்தது. தேனியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "அல்லிநகரம்" என்றதும், "கோயில் சாட்டுக்கா வந்தீங்க?" என்று கேட்டார். சித்திரையில் வெளியூர் ஆள் வேறெதற்கு வரப்போகிறார் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான்.

நகராட்சிக்குப் பெயர் தேனி-அல்லிநகரம். தேனி சந்தையால் பெருத்த ஊர். பெரியகுளம் சாலையில் இருக்கும் அல்லிநகரம் அதற்குள் கலந்துவிட்டாலும், தெருவுக்குள் நுழைந்தால் இன்னும் கிராமம்தான். திண்ணை, தொழுவம், தெரு முனைக்கு ஒரு சாமி. இயக்குநர் பாரதிராஜா பிறந்த ஊர். மேற்கே மலையடிவாரத்தில் வீரப்ப அய்யனார் கோயில் இருக்கிறது. சித்திரை முதல் நாள் ஊரே அங்கேதான். நான் வந்தது அதற்குப் பிறகு, ஒரு தெரு அம்மன் கோயில் பொங்கலுக்காக வீட்டுக்குள் வளரும் முளைப்பாரியைப் பார்க்க.

திருவிழாச் செய்திகளில் முளைப்பாரிக்கு எப்போதும் ஒரே வரிதான்: பெண்கள் முளைப்பாரி எடுத்து ஊர்வலமாகச் சென்றனர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எட்டு ஒன்பது நாள் உழைப்பு இருக்கிறது. மண்ணைப் பற்றிய அறிவு, விதையைப் பற்றிய அறிவு, நிறமும் உயரமும் பார்த்து அடுக்கும் கைத்திறன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய விரதம் எல்லாம் இருக்கிறது. தோட்டமும் கலையும் வழிபாடும் ஒரே சட்டிக்குள் சேர்ந்து வளர்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இதில் ஐயர் கிடையாது, பூசாரி கிடையாது. விதை போடுவதிலிருந்து தண்ணீரில் கரைப்பது வரை எல்லாம் பெண்கள் கை.

அந்த வீட்டு அப்பத்தா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "செருப்ப விட்டுட்டுக் கால் கழுவிட்டு வாத்தா. உள்ள வந்து பேசக் கூடாது, எச்சி தெறிக்கும். பாக்குறத வாயத் தெறக்காமப் பாரு, வெளிய வந்து கேளு." கதவுக்கு உள்ளே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. ஓட்டுச் சந்தில் வந்த ஒற்றை வெளிச்சத்தைக்கூட அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் ஈர எருவின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பழகியதும் தரை முழுக்க வெளிர் மஞ்சளாக ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது. விதைத்து ஏழாம் நாள். தட்டாம்பயறும் மொச்சையும் முழ உயரத்துக்கு நிமிர்ந்து, நுனியில் இன்னும் விரியாத இலைகளைக் கூப்பி வைத்திருந்தன. நடுவில் உயரமான பயறுகள், சுற்றிலும் சோளமும் கம்பும், விளிம்பில் நெல்லும் கேப்பையும். ஒவ்வொரு சட்டியும் மெல்லச் சரிந்து இறங்கும் கோபுரமாக இருந்தது. இந்த அமைப்பு தானாக வந்ததில்லை. எந்த விதை எட்டு நாளில் எவ்வளவு எழும் என்று தெரிந்த கைதான் விதைக்கும்போதே இப்படி இடம் பிரித்துப் போட முடியும்.

வெளியே வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அப்பத்தாவுக்குச் சொல்வதில் அத்தனை சந்தோஷம். உடைந்த பானையின் கழுத்து வளையம் கிடைத்தால் அதுதான் உத்தமம். குறுக்கே பருத்திமார்க் குச்சிகளை வைத்துக் கட்டி, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தங்காது, வேர் அழுகாது. வைக்கோலுக்கு மேல் கண்மாய்க் கரம்பை, அதற்கு மேல் நன்றாக மக்கிய மாட்டு எருவும் ஆட்டுப்புழுக்கையும் இடித்துச் சலித்த தூள். விதைகளை முதல்நாள் இரவே ஊறப் போட்டு, செவ்வாய்க்கிழமை அந்தி சாய்ந்ததும் குலவை போட்டு விதைக்க வேண்டும். நெருக்கமாகப் போட வேண்டும். ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கும். பிறகு தினமும் குளித்துவிட்டு, வேப்பங்கொத்தால் மஞ்சள் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். செம்பில் மோந்து ஊற்றினால் மண் கரைந்து முளை சாய்ந்துவிடும்.

"இம்புட்டு இருட்டு எதுக்கு அப்பத்தா?"

"வெளிச்சம் பட்டாப் பச்ச பூத்துரும் தாயி. குட்டையா நின்னுக்கிரும். ஆத்தாளுக்குப் பொன்னு நெறத்துல போகணும்ல."

தாவரவியல் படித்தவர்கள் சொல்வதும் இதுதான். வெளிச்சம் கிடைக்காத முளை பச்சையம் உண்டாக்காது. விதைக்குள் சேர்த்து வைத்த உணவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்து வெளிச்சத்தைத் தேடி ஓடும். பச்சை இல்லாததால் உள்ளிருக்கும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. தமிழ்ப் பெண்கள் இந்த இயல்பைத் தெரிந்துகொண்டு அதை ஒரு கலைக் கருவியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

முளைப்பாரி நன்றாக எழுந்தால் அந்த வருடம் வெள்ளாமை நன்றாக இருக்கும், சோர்ந்தால் ஊருக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் ஓர் உழவுச் சோதனையும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சித்திரைக்கும் ஆடிப்பட்டத்துக்கும் இடையில் போன அறுப்பு விதைகளில் ஒரு கைப்பிடி எடுத்து முளைக்க வைத்தால், எந்த வீட்டு விதை சொத்தை, எது தேறும் என்பது ஊர் முழுக்க ஒரே நாளில் தெரிந்துவிடும். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "வெத நல்லாருந்தாலும் ஆத்தா மனசு வச்சாத்தான் மொளைக்கும்" என்றார். இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

திண்ணையின் மறுகோடியில் அவருடைய மருமகள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு விலக்கு என்பதால் மூன்று நாளாக முளை அறைக்குள் போகவில்லை. விதைகளைப் பொறுக்கி, சொத்தை நீக்கி, ஊறப்போட்டவள் அவள்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. உயிர் முளைப்பதைக் கொண்டாடும் ஒரு நோன்பில், உயிரைச் சுமக்கும் உடம்புக்கு எதற்கு விலக்கு? இந்த வழக்கம் மாறவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவளிடமே கேட்டேன். "நாளைக்குத் தலைக்கு ஊத்திட்டு நாந்தேன் தண்ணி தெளிப்பேன்க்கா. எத்தன சென்டி வளந்துருக்குன்னு என் மகளத்தேன் பாத்துட்டு வரச் சொல்லுறேன்" என்றாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டில் நாள்வாரியாக உயரம் குறித்து வைத்திருந்தாள். மொச்சைக்கு ஒரு பத்தி, தட்டாம்பயறுக்கு ஒரு பத்தி. ஸ்கேலை முளைமேல் படாமல் பிடிக்க வேண்டும் என்று அப்பத்தா கட்டளையாம்.

ராத்திரி கோயில் வாசலில் கும்மி. நடுவில் ஒரு முளைச்சட்டியை மட்டும் மறைத்து வைத்துவிட்டுச் சுற்றி வந்தார்கள். பாட்டை முன்னெடுத்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். விதை வாங்கியது, எரு பொறுக்கியது, ஒன்றாம் நாள் வெடித்தது, இரண்டாம் நாள் தலை நீட்டியது என்று செடியின் வரலாற்றையே வரிசையாகப் பாடிக்கொண்டு போனார். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பள்ளிக்கூடம் போகாத தலைமுறை தோட்டக்கலைப் பாடத்தைத் தாளத்தோடு மனப்பாடம் செய்த முறை இதுதான். சிறுமிகள் தப்புத் தப்பாகக் கைகொட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். இரண்டு வருடம் ஆடினால் சரியாகிவிடும்.

இந்தச் சட்டித் தோட்டம் தமிழர்களிடம் மட்டும் இருப்பதில்லை. வட இந்தியாவில் நவராத்திரிக்கு வாற்கோதுமை முளைக்க வைக்கிறார்கள். ஈரானியர் நவ்ரோஸ் புத்தாண்டுக்குக் கோதுமையும் பயறும் முளைக்கவைத்து, பதின்மூன்றாம் நாள் ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள். இத்தாலியின் சார்டினியா தீவில் பெரிய வியாழனுக்கு இருட்டில் வளர்த்த வெளிர் கோதுமை முளையைத் தேவாலயத்தில் வைக்கிறார்கள். பழைய கிரேக்கத்தில் அடோனிஸ் என்ற தெய்வத்துக்காகப் பெண்கள் உடைந்த பானை ஓடுகளில் கீரை விதைகளை முளைக்கவைத்து, வாடியதும் நீரில் எறிந்தார்கள். பிளேட்டோ 'பைட்ரஸ்' நூலில் அதை ஒரு விளையாட்டுக்கு உதாரணமாகச் சொல்கிறார். விவரமுள்ள உழவன் தான் மதிக்கும் விதையை எட்டு நாளில் அழகு காட்டும் தோட்டத்தில் அக்கறையோடு போடமாட்டான், தகுந்த நிலத்தில் போட்டு எட்டு மாதம் காத்திருப்பான் என்பது அவர் வாதம்.

பிளேட்டோவோடு நான் இதில் உடன்படவில்லை. அல்லிநகரத்து அப்பத்தா மாடு வைத்திருக்கிறார், ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் மொச்சையும் போடுகிறார். மாதக்கணக்கில் காத்திருக்கும் அந்த உழவரேதான் எட்டு நாள் சட்டிக்கும் குனிகிறார். சந்தைக்குப் போகும் விளைச்சலும் சாமிக்குப் போகும் விளைச்சலும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்த இரண்டு வேலைகள். முதல் வேலையில் விலை படியாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வந்த வருடங்கள் உண்டு என்றார். இரண்டாவது வேலையில் அவருக்கு நட்டம் வந்ததே இல்லை.

ஒன்பதாம் நாள் மாலை. உறுமியும் நையாண்டி மேளமும் தெருமுனையில் ஏறியபோது திரையை விலக்கினார்கள். சட்டிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாகத் தீற்றி, விளிம்பில் மல்லிகைச் சரம் சுற்றி, முளைகள் சாயாமல் ஒரு வாழைநாரால் இடுப்பில் கட்டியிருந்தார்கள். சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றியதும் பெண்கள் நிமிர்ந்து நடந்த நடை இருக்கிறதே, பார்க்கப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. காலையில் குழாயடியில் குடத்தோடு குனிந்து நின்றவர்கள்தான். இப்போது தலைக்கு மேல் ஒரு முழத்துக்கு மஞ்சள் வயல் அசைந்துகொண்டு போனது. வெளிச்சம் பட்ட சிறிது நேரத்திலேயே இலைகள் விரியத் தொடங்கிவிடும் என்பதால் யாரும் நின்று பேசவில்லை.

வரிசையில் சில சட்டிகளில் தெர்மாகோல் கோபுரமும் பிளாஸ்டிக் பூவும் தெரிந்தன. நேரமில்லாதவர்கள் பணம் கொடுத்து வெளியில் வாங்கி வந்தவை. இரண்டு வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒன்பது நாள் விரதம் இரு என்று சொல்ல நான் யார்? ஆனாலும் மனது கேட்கவில்லை. வாங்கி வந்த சட்டியில் விதை பொறுக்கியது இல்லை, விடியலில் குளித்தது இல்லை, முளைக்குமா முளைக்காதா என்று கவலைப்பட்டுத் தூங்காமல் கிடந்ததும் இல்லை. அந்தக் கவலைதான் வேண்டுதல். மீறுசமுத்திரக் கண்மாய் மாதிரி ஒரு நீர்நிலையில் தெர்மாகோல் மிதக்கக்கூடாது என்பதையாவது ஒவ்வொரு தெருவும் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம். மண்ணும் எருவும் பயறும் கரைந்தால் மீனுக்கு இரை.

தண்ணீரில் விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பிடி முளையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். தொழுவத்துக்குக் கொஞ்சம், காட்டுக்குக் கொஞ்சம் என்றார்கள்.

மறுநாள் கம்பம் பள்ளத்தாக்கின் உள்ளே பஸ் ஏறினேன். தேனியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன். திருவிழா சித்திரைக் கடைசியில்தான், அதற்கு மூன்று வாரம் முன்பே கம்பம் நட்டுவிடுகிறார்கள். மூன்று கிளை பிரிந்த அத்திக் கொம்பு அது. வெட்டிய கொம்புதான், வேர் கிடையாது. அதற்குத்தான் சனங்கள் ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மோந்து வந்து ஊற்றுகிறார்கள். மஞ்சள் பூசி, வேப்பிலை சார்த்தி, நாளெல்லாம் ஊற்றுகிறார்கள். ஒரு மரத்துக்குத் தண்ணீர் விடுவதே வழிபாடாக இருப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தேன். ஐந்து வயதுப் பையன் ஒருவன் சின்னச் செம்பில் பாதியைத் தன்மேல் ஊற்றிக்கொண்டு, மீதியைக் கம்பத்தின் காலில் ஊற்றினான். அவனுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது என்று அவன் அம்மா சொன்னாள். திருவிழாவின்போது ஆயிரங்கண் பானை எடுக்க நேர்ந்திருக்கிறார்களாம். பானை முழுக்கத் துளையிட்டு உள்ளே விளக்கேற்றிச் சுமப்பது. இருட்டில் அந்தத் துளைகள் அத்தனையும் கண்ணாக எரியும்.

முல்லையாற்றில் கோடையிலும் தண்ணீர் ஓடுவதற்குக் காரணமான மனிதரையும் இந்தப் பள்ளத்தாக்கு வீட்டுச் சாமியாகவே வைத்திருக்கிறது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதனால் நனைகிறது. லோயர்கேம்ப்பில் அவருக்கு 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். எனக்கு மணிமண்டபத்தைவிட வீடுகளில் பார்த்த படங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன. முருகன், மாரியம்மன், செத்துப்போன தாத்தா, பக்கத்தில் தொப்பியோடு மீசைக்காரத் துரை. நான்குக்கும் ஒரே சரத்தில் கிள்ளிய பூ. பாலார்பட்டியில் சனவரி 15, அவர் பிறந்தநாளில், பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவரைக் கும்பிடுவதற்கு இவர்களுக்கு மதம் தடையாக இல்லை.

சின்னமனூர் தாண்டியதும் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்று சொல்கிறார்கள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கிறது. இராயப்பன்பட்டியில் பனிமய மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். பேச்சு முளைப்பாரிக்குத் திரும்பியது. அந்த அக்கா எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு மூங்கில் தட்டை எடுத்து வந்து காட்டினார். கிறிஸ்துமஸ் குடிலுக்காக வருடாவருடம் கேப்பையும் கம்பும் முளைக்கவைக்கும் தட்டு. "பாலன் பொறக்கறதுக்குப் பத்து நாளைக்கு முந்தித் தெளிச்சிருவோம். ஆடு மேயுற புல்லு அதான். எங்க குடில்ல கடைப்புல்லு வச்சதே இல்ல."

அவர்கள் முற்றத்து வெளிச்சத்தில் வளர்ப்பதால் முளை பச்சையாக வரும். மற்றபடி ஊறவைப்பது, எருத்தூள், கையால் தெளிப்பது எல்லாம் அல்லிநகரத்து முறையேதான். அவருடைய அம்மாவுக்கு அவருடைய ஆத்தா சொல்லிக்கொடுத்தது. தாய்வழியாக வந்த கைப்பழக்கம் வேதம் மாறிய வீட்டிலும் அப்படியே தொடர்கிறது.

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின இரவு கூடலூரில் தங்கினேன். விடியலுக்கு முன்பே பளியன்குடியிலிருந்து ஏறத் தொடங்கினோம். வண்ணாத்திப்பாறை மலை உச்சியில், தமிழக, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருடத்தில் இந்த ஒருநாள்தான் அனுமதி. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். ஆறு கிலோமீட்டருக்கும் மேல் காட்டு ஏற்றம். குமுளிப் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஜீப் உண்டு. சிலப்பதிகாரத்தின் கண்ணகி எரியும் மதுரையை விட்டு வையைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி வேங்கை மரத்தடியில் நின்று, பதினாலாம் நாள் விண்ணேறுகிறாள். அந்த இடம் இதுதான் என்று 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்டு சொன்னார். அதே காப்பியத்தின் தொடக்கத்தில், கண்ணகியின் கல்யாணப் பந்தலில், பாலிகையும் முளைக்குடமும் ஏந்திய பெண்கள் வருகிறார்கள். தமிழ்ப் பெண் முளைக்குடம் தூக்கிய வரலாறு அவ்வளவு பழையது. அல்லிநகரத்தில் பார்த்ததை இந்த ஏற்றத்தில் நினைத்தபோது, அந்த மணப்பெண்ணுக்கு யார் யார் விதை ஊறவைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு முன்னால் கம்பத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மாவும், கூடலூர்ப் பெண் ஒருத்தியும் மஞ்சள் குங்குமப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியதே தவிர வாய் ஓயவில்லை. கூடலூர்க்காரி வைகாசிப் பொங்கலுக்கு முளை போடப் போகிறாளாம், முதல் தடவையாம்.

"சோளத்த நடுவுல போடாத. அது தனியாத்தேன் நிக்கும், பயறோட சேராது. ஓரத்துல போடு."

"எங்க மாமியா நடுவுலதேன் போடுவாக பெரியம்மா. அதுதேன் நிமிந்து நிக்குமாம்."

"எத்தன நாளு?"

"எட்டு."

"எட்டு நாள்ல சோளம் எங்கிட்டு நிமிரும்? மொச்சை அத மூடிப்புடும். ஒன் மாமியாகிட்ட ஆட்டெரு போட்டாகளா மாட்டெரு போட்டாகளான்னு கேட்டுட்டு வா, அப்பறம் சொல்றேன்."

"ரெண்டுங் கலந்துதேன்."

"எத்தனைக்கு எத்தன?"

கூடலூர்க்காரி பதில் சொல்லத் தெரியாமல் செல்போனை எடுத்தாள். காட்டுக்குள் சிக்னல் இல்லை. இறங்கியதும் முதல் வேலையாகக் கேட்டுவிடுவதாகப் பெரியம்மாவிடம் சத்தியம் பண்ணினாள். பெரியம்மா நடையை நிறுத்தாமலே திரும்பி என்னைப் பார்த்து, "ஒங்க ஊர்ல எப்புடி?" என்றார்.